தட்டிக் கேட்டு அளப்பது: பீங்கான் துண்டின் யங் குணகத்தை அதிர்வால் கண்டுபிடிக்கும் வழி

செங்கல் வாங்கப் போகிறவர் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த கல். பொத்தென்று கேட்டால் வேகாத கல், அல்லது உள்ளே விரிசல் இருக்கிறது. அவர் காதால் செய்வதை ஒரு மைக், ஒரு திருகு அளவி, ஒரு சூத்திரம் ஆகியவற்றை வைத்துச் செய்தால் போதும், அந்தப் பொருளின் யங் குணகம் (அது எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண்) ஓரிரு சதவீதத் துல்லியத்தில் கையில் வந்துவிடும். ஆய்வகங்களில் அலுமினா, சிர்கோனியா, சிலிக்கன் கார்பைடு போன்றவற்றுக்கு இதைத்தான் செய்கிறார்கள்.

பீங்கான் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், பொருளறிவியல் படிக்கும் மாணவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேலையை ஒரே மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கவனத்தைத் தப்பான இடத்தில் வைக்கிறார்கள். எந்த மைக் வாங்குவது, எந்த மென்பொருள் நல்லது என்று மெனக்கெடுவார்கள். அதிர்வெண் சுலபமாக வந்துவிடும், அதுவும் ரொம்பத் துல்லியமாக. விடையைக் கெடுப்பது தடிமன்.

இழுத்துப் பார்த்தால் என்ன?

யங் குணகம் என்றதும் பள்ளி ஆய்வகம் நினைவுக்கு வரும்: கம்பியில் எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பது. எஃகுக்கு அது சரி. அலுமினா உடைவதற்கு முன் கொடுக்கும் நீட்சியோ 0.1 சதவீதம் அளவுதான். 100 மி.மீ. துண்டு 0.1 மி.மீ. நீள்வதற்குள் படீரென்று போய்விடும். அதே விசையில் இழுவை எந்திரத்தின் சட்டமும் பிடிப்புகளும்கூட அந்த அளவுக்கு வளைந்துகொடுக்கும். எந்திரத் திரையில் தெரியும் நகர்வை அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டால் உண்மை மதிப்பில் பாதிகூட வராமல் போவதுண்டு. துண்டின் மேலேயே திரிபுமானி ஒட்டி அளக்கலாம். ஆனால் அது செலவும் பொறுமையும் கேட்கிற வேலை.

தட்டினால் கதை வேறு. ஒரு சின்ன தட்டலில் துண்டு தன் இயல் அதிர்வெண்ணில் அதிரத் தொடங்கும். பொருள் விறைப்பாக இருந்தால் அதிர்வு வேகமாகும், கனமாக இருந்தால் மெதுவாகும். அளவும் நிறையும் நமக்குத் தெரியும், அதிர்வெண் காதிலேயே விழுகிறது, மிச்சமிருப்பது விறைப்பு மட்டும்தான். துண்டுக்கு ஒரு சேதமும் இல்லை. அதையே நாளைக்குச் சூளையில் வைத்து எடுத்து மறுபடியும் அளக்கலாம்.

நாம் பயன்படுத்தப்போகும் சூத்திரங்களுக்கு 1945-ல் பிக்கெட்டும், 1961-ல் ஸ்பின்னர், டெஃப்ட் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுரைகள் அடிப்படை. இன்று உயர்தரப் பீங்கான்களுக்கு ஏஎஸ்டிஎம் (தரநிலைகள் வெளியிடும் அமெரிக்க அமைப்பு) சி1259, எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக ஏஎஸ்டிஎம் இ1876 என்று இரண்டு தரநிலைகள் இருக்கின்றன. வாடிக்கையாளருக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டுமென்றால் அவற்றை வாங்கி வரிக்கு வரி படிக்க வேண்டும். கற்றுக்கொள்ள இந்தக் கட்டுரை போதும்.

என்னென்ன வேண்டும்

0.01 கிராம் காட்டும் தராசு. 0.01 மி.மீ. அல்லது அதைவிட நுட்பமாகக் காட்டும் திருகு அளவி. நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரு வெர்னியர். பஞ்சுபோன்ற ஃபோம் பட்டை இரண்டு. இல்லாவிட்டால் ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய நூல் இரண்டு. ஒலிப்பதிவுக்குச் செல்போன், ஒலியிலுள்ள அதிர்வெண்களைப் பிரித்துப் பார்க்கக் கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள்.

சுத்தியலை நாமே செய்துகொள்ளலாம். சைக்கிள் கடையில் 5 மி.மீ. அளவில் ஒரு பால்ரஸ் குண்டு கேட்டு வாங்குங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையின் நுனியில் பெவிக்விக் போட்டு ஒட்டினால் வேலை முடிந்தது. தரநிலையில் சொல்லியிருப்பதும் ஏறக்குறைய இதே அமைப்புதான்: வளையும் பிளாஸ்டிக் குச்சி, நுனியில் எஃகுக் குண்டு. குச்சி வளைவதால் குண்டு பட்டதும் துள்ளி விலகிவிடும், துண்டின் மேல் தங்காது. பென்சிலாலோ ஸ்க்ரூடிரைவராலோ தட்டினால் இந்தத் துள்ளல் கிடைக்காது.

இதற்கென்றே விற்கும் கருவிகளும் உண்டு. பெல்ஜியத்தின் கிரைண்டோசோனிக் சாணைச் சக்கரங்களைச் சோதிக்கிற இடங்களில் பழைய பெயர். பிரேசிலின் சோனலாஸ்டிக்கும் பலருக்குத் தெரிந்தது. தினமும் நூறு துண்டு அளக்கிற தொழிற்சாலைக்கு அவை தேவை. கற்கிற நேரத்தில் வேண்டாம் என்பது என் கட்சி. கருவி எண்ணைக் காட்டிவிடும், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே போய்விடும்.

முதல் துண்டு கண்ணாடியாக இருக்கட்டும்

நேராக அலுமினாவில் தொடங்காதீர்கள். கண்ணாடிக் கடையில் 5 மி.மீ. சாதாரண ஜன்னல் கண்ணாடியில் 120 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டித் தரச் சொல்லுங்கள். விலை ஒன்றும் பெரிதாக இருக்காது. இந்தக் கண்ணாடியின் யங் குணகம் 70 முதல் 73 கிகாபாஸ்கல், அடர்த்தி கன செ.மீ.க்கு 2.5 கிராம். விடை முன்பே தெரிந்திருப்பதால் உங்கள் கையும் கருவியும் சரியா என்று உடனே தெரிந்துவிடும். விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துவிட்டுத் தொடுங்கள், விரலைக் கிழித்துவிடும்.

பின்னால் உண்மையான மாதிரிகளுக்குப் போகும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். நீளம் தடிமனைப்போல் 20 மடங்காவது இருந்தால் கணக்கு சுலபம். எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக இருக்க வேண்டும். அகலமும் தடிமனும் சமமாக இருக்கக் கூடாது. சதுரக் குறுக்குவெட்டில் இரு திசை வளைவும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் வந்து குழப்பும். நான்காவது, துண்டு உலர்ந்திருக்க வேண்டும். மெருகு பூசாத, நீர் உறிஞ்சும் துண்டென்றால் 110 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்திவிட்டு, ஆறியபின் அளக்க வேண்டும். ஈரம் நிறையையும் கூட்டும், அதிர்வையும் அமுக்கும்.

தரை டைல்ஸிலிருந்து பட்டை வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் டைல்ஸின் முதுகில் சிமெண்ட் பிடிப்பதற்காக வரிவரியாக மேடு விட்டிருப்பார்கள். எந்த இடத்தில் தடிமனை அளப்பீர்கள்? அந்த மேடுகளைச் சாணையில் தேய்த்து எடுக்காமல் அந்தத் துண்டிலிருந்து நம்பகமான எண் வராது. விருத்தாசலம் பக்கம் பீங்கான் பட்டறை தெரிந்தவர்கள் இருந்தால், சுட்ட பீங்கான் கம்பி ஒன்று கேட்டு வாங்குவது அதைவிட நல்லது.

அளவெடுப்பு: இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்

முதலில் சூத்திரத்தைப் பார்த்துவிடுவோம். செவ்வகப் பட்டைக்கு:

யங் குணகம் = 0.9465 × (நிறை × அதிர்வெண்² ÷ அகலம்) × (நீளம் ÷ தடிமன்)³ × திருத்தக் காரணி

நீளம் தடிமனைப்போல் 20 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், திருத்தக் காரணி = 1 + 6.585 × (தடிமன் ÷ நீளம்)². துண்டு அதைவிடக் குட்டையாக இருந்தால் பாய்சான் விகிதமும் (இழுக்கும்போது நீள்வதற்கு ஏற்பக் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற விகிதம்) சேர்ந்த நீண்ட கோவை தேவைப்படும். அது தரநிலையில் இருக்கிறது.

தடிமனின் மேலே உள்ள 3 என்ற அடுக்கைக் கவனியுங்கள். தடிமனில் 1 சதவீதம் பிசகினால் விடையில் 3 சதவீதம் பிசகும். நீளத்துக்கும் அதே அடுக்குதான், ஆனால் 120 மி.மீ. நீளத்தில் 0.05 மி.மீ. பிசகினால் அது 0.04 சதவீதம்தான். 5 மி.மீ. தடிமனில் அதே 0.05 மி.மீ. பிசகு 1 சதவீதம், விடையில் 3. அகலத்திலும் நிறையிலும் வரும் பிசகு அப்படியே ஒன்றுக்கு ஒன்று போகும். அதிர்வெண்ணுக்கு அடுக்கு 2. ஆனால் 2,000 ஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸ் தவறினால் விடையில் 0.1 சதவீதம்தான் மாறும்.

அதனால் தடிமனுக்கு வெர்னியர் வேண்டாம், திருகு அளவிதான். முதலில் தாடைகளைத் துடைத்து மூடி, சுழிப்பிழை பாருங்கள். பிறகு துண்டின் நீளவாக்கில் ஐந்து இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் இரு ஓரமும் நடுவுமாக அளந்து எழுதுங்கள். கையால் முறுக்கி இறுக்காமல், பின்னால் இருக்கும் ராட்செட்டைத் திருப்பி 'டிக் டிக்' என்று இரண்டு முறை கேட்டதும் நிறுத்துங்கள். பதினைந்து ரீடிங்கும் 0.01 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் சராசரி எடுத்துக்கொள்ளலாம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சீராக ஏறிக்கொண்டே போனால் துண்டு ஆப்பு மாதிரி சாய்ந்திருக்கிறது. சராசரி எடுத்துப் பயனில்லை, மறுபடி தீட்ட அனுப்புங்கள்.

அளந்து முடித்ததும் அதிர்வுக்குப் போகாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். நிறையைக் கன அளவால் வகுத்து அடர்த்தியைப் பாருங்கள். இந்த ஒரு வகுத்தல் பாதிப் பிழைகளைப் பிடித்துவிடும். உதாரணமாக உங்கள் கண்ணாடிப் பட்டை 28.92 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 5 மி.மீ. என்று சொன்னாரே என்று 5.00 போட்டால் அடர்த்தி 2.41 வரும். ஜன்னல் கண்ணாடி 2.5 அல்லவா இருக்க வேண்டும்? ஏதோ ஓர் அளவு தப்பு. திருகு அளவியை வைத்துப் பார்த்தால் 4.82 மி.மீ. காட்டும். கடையில் 5 மி.மீ. என்று விற்கும் கண்ணாடி இப்படிக் கொஞ்சம் மெலிந்து வருவது சகஜம். 4.82 போட்டால் அடர்த்தி சரியாக 2.50 வந்து நிற்கும்.

தாங்க வேண்டிய இடம்

இரு முனையும் கட்டில்லாத பட்டை தன் அடிப்படை வளைவு அதிர்வில், நடுப்பகுதி மேலே எழும்போது முனைகள் கீழே போகும்படி அசையும். இடையில் இரண்டு இடங்கள் மட்டும் அசையாது. அவைதான் கணுக்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 0.224 பங்கு தொலைவில் அவை இருக்கும். 120 மி.மீ. பட்டைக்கு 26.9 மி.மீ., 100 மி.மீ. பட்டைக்கு 22.4 மி.மீ. பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, அந்தக் கோடுகளுக்கு நேர் கீழே ஃபோம் பட்டையோ நூலோ வரும்படி வையுங்கள். ஃபோம் 3 அல்லது 4 மி.மீ. அகலத்துக்கு மேல் இருக்க வேண்டாம். அகலப் பட்டை அசைகிற பகுதியையும் தொட்டு அதிர்வைத் தின்றுவிடும். ஒன்றிரண்டு மி.மீ. நகர்ந்துவிட்டால் குடி முழுகிவிடாது, ஒலி சீக்கிரம் அடங்கும், அவ்வளவுதான்.

தட்டுவதும் பதிவதும்

துண்டின் நடுவில், தட்டையான முகத்தின் மேல், குண்டு விழுந்து துள்ளும்படி மெதுவாகத் தட்டுங்கள். மைக் துண்டின் முனைக்கு மேலோ நடுவுக்கு அடியிலோ, சில மி.மீ. தள்ளி இருக்கட்டும். தொடக் கூடாது. செல்போனின் மைக் பெரும்பாலும் கீழ் விளிம்பில், சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் இருக்கும்.

போனில் வரும் பதிவுச் செயலிகள் மனிதக் குரலுக்காகச் செய்தவை. இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலிச் சீரமைப்பு இரண்டையும் அணைத்துவிட முடிகிற செயலியாகப் பார்த்து, வேவ் கோப்பாக, நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அமைப்பில் பதியுங்கள். பதிந்ததை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் மேல் அதிர்வெண்கள் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அதன் உறுமல் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் கெடுதலில்லை, ஆனால் காற்று மைக்கில் மோதுவது தொந்தரவு.

பதிவைத் திறந்து அலை வடிவத்தைப் பாருங்கள். தட்டிய இடத்தில் ஒரு கூர்மையான ஏற்றம், அதன்பின் வால்போல மெலிந்துகொண்டே போகும் அலை. இதுதான் வேண்டும். உச்சி மழுங்கித் தட்டையாக இருந்தால் ஒலி அதிகம், மெதுவாகத் தட்டுங்கள். இரண்டு ஏற்றங்கள் அடுத்தடுத்துத் தெரிந்தால் குண்டு இருமுறை பட்டிருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தட்டுங்கள்.

சரியான உச்சியைக் கண்டுபிடிப்பது

தட்டிய கணத்தை விட்டுவிட்டு, அதன் பின்னாலிருக்கும் வால் பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டியில் நிறமாலை வரைபடம் (எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டுவது) போடச் சொல்லுங்கள். சாளர அளவு, அதாவது ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை, 16,384 என்று வைத்தால் கட்டங்களுக்கு இடையே சுமார் 2.9 ஹெர்ட்ஸ் வரும். அதற்கு ஒலி மூன்றில் ஒரு நொடியாவது நீடிக்க வேண்டும். கண்ணாடியும் அலுமினாவும் நன்றாகத் தாங்கியிருந்தால் தாராளமாக நீடிக்கும். 65,536 வைத்தால் 0.7 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும், ஆனால் ஒன்றேகால் நொடிக்கு மேல் ஒலி வேண்டும். இதற்கு மேல் நுட்பம் தேடுவது வீண் வேலை. தடிமன் அளவில் இருக்கும் பிழை இதைப் பல மடங்கு முழுங்கிவிடும்.

வரைபடத்தில் ஓர் உச்சி மட்டும் இருக்காது, மூன்று நான்கு இருக்கும். எது நமக்கு வேண்டிய அடிப்படை வளைவு அதிர்வு? உயரமான உச்சிதான் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. மைக் இருக்கும் இடம், தட்டிய இடம், போனின் குணம் எல்லாம் உயரத்தை மாற்றும். மூன்று வழிகளில் சரிபார்க்கலாம்.

ஒன்று, எதிர்பார்க்கும் மதிப்பை முன்பே கணக்கிடுவது. பொருள் என்னவென்று தோராயமாகத் தெரியுமல்லவா? சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் நம் கண்ணாடிப் பட்டைக்கு 1,800-க்கும் 1,850-க்கும் இடையில் வர வேண்டும். தேடும் இடம் சுருங்கிவிட்டது.

இரண்டு, கணுவின் மேலேயே தட்டிப் பார்ப்பது. அசையாத இடத்தில் தட்டினால் அந்த அதிர்வு எழாது. ஆகவே கணுவில் தட்டும்போது எந்த உச்சி படுத்துவிடுகிறதோ, நடுவில் தட்டும்போது எழுகிறதோ, அதுதான் நம் ஆள்.

மூன்று, இரண்டாம் வளைவு அதிர்வைத் தேடுவது. மெல்லிய பட்டைக்கு அது அடிப்படையைப்போல் சுமார் 2.76 மடங்கில் இருக்கும். தடித்த பட்டைக்கு அதைவிடக் கொஞ்சம் குறையும். அதை எழுப்ப நடுவில் தட்டக் கூடாது, அந்த அதிர்வுக்கு நடு ஒரு கணு. முனையில் தட்டுங்கள். இரண்டு உச்சிகளுக்கும் இந்த விகிதம் ஒத்துவந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஐந்து முறை தட்டி, ஐந்து முறையும் 0.1 சதவீதத்துக்குள் ஒரே எண் வந்தால் சராசரி எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு

கண்ணாடிப் பட்டை: நீளம் 120.0 மி.மீ., அகலம் 20.0 மி.மீ., தடிமன் 4.82 மி.மீ., நிறை 28.92 கிராம், அதிர்வெண் 1,837 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் மீட்டர், கிலோகிராமுக்கு மாற்றிச் சூத்திரத்தில் போட்டால், திருத்தக் காரணி 1.0106, யங் குணகம் 72.0 கிகாபாஸ்கல். அடர்த்தியைப் பார்க்காமல் 5.00 மி.மீ. என்றே போட்டிருந்தால் 64.6 வந்திருக்கும். அதே துண்டு, அதே ஒலி, 10 சதவீதம் தள்ளி விடை.

இப்போது அலுமினாவுக்கு வருவோம். 100 × 10 × 5 மி.மீ. துண்டு, நிறை 19.50 கிராம், ஆகவே அடர்த்தி 3.90. அதிர்வெண் 5,030 ஹெர்ட்ஸ் என்றால் திருத்தக் காரணி 1.0165, விடை 379.7 கிகாபாஸ்கல். எழுதும்போது 380 என்று எழுதுங்கள். அந்தப் .7-க்குத் தடிமன் அளவு உத்தரவாதம் தரவில்லை.

உருளைக் கம்பிக்குச் சூத்திரம் வேறு: 1.6067 × (நீளம்³ ÷ விட்டம்⁴) × நிறை × அதிர்வெண்² × திருத்தக் காரணி. நீளம் விட்டத்தைப்போல் 20 மடங்குக்கு மேல் இருந்தால் திருத்தம் 1 + 4.939 × (விட்டம் ÷ நீளம்)². இங்கே விட்டத்துக்கு அடுக்கு 4, இன்னும் கவனம் வேண்டும். கம்பி முழு வட்டமாக இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உச்சிகள் தெரியும். கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டித் தட்டிப் பாருங்கள், ஒரு நிலையில் ஒன்றும் இன்னொரு நிலையில் மற்றதும் ஓங்கும்.

வலிமைச் சோதனைக்குச் செய்த 3 × 4 × 50 மி.மீ. துண்டுகளையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அலுமினாவில் அவை 12,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும். போன் மைக்கே எடுத்துவிடும், ஆனால் பால்ரஸ் குண்டு 2 அல்லது 3 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. நீளம் 30 மி.மீ.க்கு இறங்கினால் அதிர்வெண் 30,000-ஐத் தாண்டிவிடும், காதும் போனும் கைவிட்டுவிடும். அதற்கு மீயொலி மைக் வேண்டும். இந்தத் துண்டுகளில் இன்னொரு சூட்சுமம்: விளிம்பிலிருந்து உடையாமல் இருக்க நான்கு நீள விளிம்புகளையும் சரிவாகத் தேய்த்திருப்பார்கள். அந்தச் சரிவு 0.15 மி.மீ. இருந்தாலே வளைவை எதிர்க்கும் திறன் சுமார் 1 சதவீதம் குறையும், விடையும் அந்த அளவு தாழ்ந்து வரும். தரநிலையில் இதற்குத் தனித் திருத்தம் கொடுத்திருக்கிறார்கள்.

முறுக்கு அதிர்வு

விறைப்புக் குணகமும் (முறுக்கலை எவ்வளவு எதிர்க்கிறது என்று சொல்லும் எண்) வேண்டுமென்றால் துண்டை முறுக்கி அதிர வைக்க வேண்டும். இதற்கு அகலம் தடிமனைப்போல் 5 மடங்கு இருக்கிற தகடு வசதி. தாங்குவது நீளவாக்கு, அகலவாக்கு இரண்டின் நடுக்கோடுகளிலும், கூட்டல் குறி வடிவில். தட்டுவது ஒரு மூலைக்குப் பக்கத்தில், மைக் அதற்குக் குறுக்கே இருக்கும் எதிர் மூலையில். 100 × 25 × 5 மி.மீ. அலுமினாத் தகட்டில் இந்த உச்சி சுமார் 11,500 ஹெர்ட்ஸில் வரும். 10 மி.மீ. அகலத் துண்டில் இதையே தேடினால் 23,000-க்கு மேல் போய்விடும், அதனால்தான் அகலமான தகடு.

விறைப்புக் குணகம் = 4 × நீளம் × நிறை × முறுக்கு அதிர்வெண்² ÷ (அகலம் × தடிமன்) × வடிவக் காரணி. அகலம் தடிமனைப்போல் 5 மடங்கென்றால் வடிவக் காரணி 7.44, 4 மடங்கென்றால் 5.04, 2 மடங்கென்றால் 1.82. இவற்றில் 2 சதவீதத்துக்குள் வரும் ஒரு சிறு திருத்தத்தை நான் விட்டிருக்கிறேன்.

பாய்சான் விகிதம் = யங் குணகம் ÷ (2 × விறைப்புக் குணகம்) − 1. பார்க்க எளிமை, ஆனால் இதை ரொம்ப நம்பாதீர்கள். யங் குணகத்தில் 1 சதவீதம் பிசகினால் 0.23 என்று வர வேண்டிய விகிதம் 0.24 ஆகிவிடும், அதாவது 5 சதவீதப் பிழை. பாய்சான் விகிதம்தான் குறிக்கோள் என்றால் மேலே விட்ட திருத்தத்தையும் சேர்த்தே ஆக வேண்டும்.

வந்த எண் நியாயமானதா?

தோராயமாக மனதில் வைத்துக்கொள்ள: 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான, நெருக்கமாகச் சுட்ட அலுமினா 370 முதல் 400 கிகாபாஸ்கல். சிலிக்கன் கார்பைடு 400 முதல் 430. சிலிக்கன் நைட்ரைடு 300 முதல் 320. சிர்கோனியா 200 முதல் 210, ஏறக்குறைய எஃகு அளவு. சாதாரண பீங்கான் (போர்சலின்) 60 முதல் 80 வரை; அலுமினா சேர்த்த மின்காப்பான் பீங்கான் அதற்கு மேலும் போகும்.

அலுமினா என்று வாங்கிய துண்டு 310 காட்டினால் முறையைத் திட்டுவதற்கு முன் அடர்த்தியைப் பாருங்கள். நுண்துளைகள் விறைப்பை அவற்றின் கன அளவைவிட வேகமாகக் குறைக்கும். 5 சதவீதத் துளை இருந்தால் யங் குணகம் 10 முதல் 15 சதவீதம், சில சமயம் அதற்கு மேலும் இறங்கிவிடும். முழு அடர்த்தி அலுமினா 3.98, உங்கள் துண்டு 3.75 என்றால் 310 சந்தேகப்பட வேண்டிய எண்ணே இல்லை. அடர்த்தி 3.93 இருந்தும் 310 வந்தால் உள்ளே விரிசல், அல்லது தப்பான உச்சி. விரிசல் இருந்தால் ஒலி சட்டென்று அடங்கும், உச்சி அகலமாக இருக்கும், சில சமயம் இரண்டாகப் பிளந்தும் தெரியும்.

ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப

இந்த முறை தொழிற்சாலையில் அதிகம் பயன்படுவது ஒப்பீட்டுக்குத்தான். அலுமினாத் துண்டைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு வெப்ப அதிர்ச்சியைச் சோதிக்கும்போது, ஒவ்வொரு முறையும் உலர்த்தி, தட்டி, அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளலாம். வெப்பநிலை வித்தியாசம் சுமார் 200 டிகிரியைத் தாண்டும் வரை எண் அசையாமல் நிற்கும். அதன்பின் விரிசல் விழுந்து சரேலென்று இறங்கும். தொடக்கத்தில் 5,030 ஹெர்ட்ஸ் இருந்தது 4,780-க்கு வந்தால், விகிதத்தின் வர்க்கம் 0.90. விறைப்பில் 10 சதவீதம் போய்விட்டது.

இங்கே தடிமன் தொல்லையே இல்லை. துண்டின் அளவு மாறாததால் வகுக்கும்போது எல்லாம் அடிபட்டுப் போய், அதிர்வெண் மட்டும் மிஞ்சும். 230 மி.மீ. தீச்செங்கல் மாதிரி, பட்டைச் சூத்திரத்துக்கு அடங்காத குட்டை வடிவங்களையும் இப்படிக் கண்காணிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே முகம் மேலே, அதே இடத்தில் தாங்கல், அதே இடத்தில் தட்டல் என்று இருக்க வேண்டும். துண்டின் ஒரு மூலையில் சூட்டில் அழியாதபடி சின்னக் கீறல் ஒன்று போட்டுவிடுங்கள். பேனாக் குறி சூளைக்குள் போனதும் காணாமல் போய்விடும்.